காலாவதித் தேதி கடந்த மாத்திரைகளை உட்கொள்ளலாமா?

மயிலை வாசி:
மயிலாப்பூரில் எழுபத்து நான்கு வயதான என் தாயாருடன் வசிக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியின் மேல்தட்டில், அடுப்புக்கு நேர் மேலே, அவர் மருந்து போட்டு வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தேதி முடிந்து நான்கு மாதங்களான பாராசிட்டமால் அட்டை ஒன்று, பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து, தண்ணீர் கலந்து பேரனுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப், நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்த நைட்ரோகிளிசரின் மாத்திரைகள் ஆகியவை இருந்தன. இவை போக, தேதியே தெரியாத துண்டு அட்டைகள் ஏழெட்டு. எல்லாவற்றையும் தூக்கிப் போடலாம் என்றதற்கு, "மாத்திரை என்ன நேற்று வடித்த சோறா, ஊசிப்போவதற்கு?" என்று அம்மா கேட்கிறார். இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்து, கடையும் மூடியிருந்தால், அந்தப் பாராசிட்டமாலைப் போட்டுக்கொள்வதில் ஆபத்து உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய மருந்தாளுநர்:
ஐயா, உங்கள் தாயார் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அட்டையில் உள்ள தேதி, மருந்து அன்றிரவு நஞ்சாக மாறிவிடும் என்பதற்கான அறிவிப்பு அன்று. குறிப்பிட்ட முறையில், பிரிக்காமல் வைத்திருந்தால் அந்த நாள்வரை மருந்தின் வீரியம் வரையறுத்த அளவுக்குக் கீழே போகாது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம். நம் நாட்டு விதிப்படி மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை அது செல்லும்.

அமெரிக்காவில் இராணுவத்துக்காகச் சேமித்து வைத்த மருந்துகளை, தேதி முடிந்தவுடன் கொட்டுவது பெருஞ்செலவு என்று கருதி, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பல ஆண்டுகளாகப் பரிசோதித்து வருகிறது. 2006இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 122 வகை மருந்துகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளில் 88 சதவீதம், தேதி கடந்து குறைந்தது ஓராண்டேனும் தரத்தோடு இருந்தன. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் "தேதியெல்லாம் வியாபாரத் தந்திரம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அவை பிரிக்கப்படாத பொதிகளில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் இருந்தவை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. உங்கள் டப்பாவோ குக்கர் ஆவி தினமும் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாத்திரைகளுக்கு 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள்; அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்ச் சமையலறை எந்த நேரத்தில் 30 டிகிரிக்குள் இருக்கிறது? ஆகவே தேதி முடியாத மருந்தும் அங்கே வீரியம் இழந்திருக்கக்கூடும்.

நான்கு மாதம் கடந்த பாராசிட்டமாலை ஓர் இரவு அவசரத்துக்குப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தீங்கு வராது. காய்ச்சல் சற்றுக் குறைவாகத் தணியலாம், அவ்வளவுதான். ஆனால் நைட்ரோகிளிசரினில் இந்தத் தாராளம் கூடவே கூடாது. அது ஆவியாகும் தன்மையுள்ளது; அது வந்த கண்ணாடிப் புட்டியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றினாலே வீரியம் குறையத் தொடங்கும். நெஞ்சு வலிக்கும்போது வேலை செய்யாத மாத்திரை, மாத்திரை இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆம்புலன்சை அழைக்கத் தாமதிப்போம். இன்சுலினுக்கும் வலிப்பு மருந்துக்கும் இதே கண்டிப்பு பொருந்தும்.

தண்ணீர் கலந்த சிரப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் பொதுவாக ஒரு வாரம், சிலவற்றுக்கு இரண்டு வாரம்தான் ஆயுள், உங்களுடையதைக் கொட்டிவிடுங்கள். கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம் ஆனால், அட்டைப்பெட்டியில் எந்தத் தேதி இருந்தாலும் தூர எறிய வேண்டியதே. அதில் கிருமி புகுந்திருக்கலாம்.

வேளச்சேரிக்காரி:
மேலே எழுதியவரோடு ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. தேதி கடந்த மாத்திரை வீரியம் மட்டுமே இழக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சிதைந்த பிறகு அதை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 1963இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் தரைத்தளத்தில் புகுந்து வடிந்த சில வாரங்கள் கழித்து, நனையாத பீரோவில் இருந்த ஆஸ்பிரின் அட்டையைப் பிய்த்தேன். வினிகர் போன்ற புளித்த நெடி குப்பென்று அடித்தது. தேதி முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பழைய மருந்தாளுநர்:
அம்மா, டெட்ராசைக்ளின் விஷயம் உண்மைதான். அந்தக் காலத்து மாத்திரையில் சேர்த்திருந்த சிட்ரிக் அமிலம் அந்தச் சிதைவுக்குத் துணைபோனது என்று கண்டு, பின்னர் அதை நீக்கினார்கள். இருந்தாலும் ஆன்டிபயாடிக்கைத் தேதி கடந்து உட்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வீரியம் குறைந்த ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாமல், மருந்துக்கு மசியாத கிருமி பெருக இடம் கொடுக்கும்.

குரோம்பேட்டை:
துண்டு அட்டைகளைப் பற்றி யாருமே பேசவில்லையே. தேதி அட்டையின் ஒரு முனையில் மட்டுமே அச்சாகியிருக்கும். நான்கு மாத்திரை கேட்டால் கடையில் கத்தரித்துத் தரும் துண்டில் அது இருக்காது. நான் வாங்கும்போதே அந்தத் துண்டைக் காகித உறையில் போட்டு, பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லிவிடுவேன். முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது கேட்காமலே எழுதித் தருகிறார்கள். உங்களிடமுள்ள ஏழெட்டுத் துண்டுகளை யோசிக்காமல் கழித்துவிடுங்கள்.

மயிலை வாசி:
அனைவருக்கும் நன்றி. நைட்ரோகிளிசரினைப் பற்றிய பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மறுபேச்சு இல்லை. அன்று மாலையே புதுப் புட்டி வாங்கியாயிற்று. டப்பா இப்போது படுக்கையறை அலமாரிக்கு மாறிவிட்டது. கழித்தவற்றை எப்படி அப்புறப்படுத்துவது? சிரப்பைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றிவிடலாமா?

பழைய மருந்தாளுநர்:
வேண்டாம் ஐயா. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி காலாவதியான மருந்து, மற்ற வீட்டுக் குப்பையிலிருந்து தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய கழிவு. மட்கும் குப்பையோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் காப்பித்தூள் சக்கையில் பிசைந்து கட்டினால் யாரும் பொறுக்கி எடுத்து உபயோகிக்க மாட்டார்கள். சிரப்பையும் அந்தச் சக்கையிலேயே ஊற்றிவிடலாம். காலிப் புட்டியின் மேலுள்ள தாளை மட்டும் கிழித்துவிடுங்கள்.