வாய் வழியாகத் தைராய்டு கட்டி ஆபரேஷன்: செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 27 வயது. தைராய்டில் வலது பக்கம் 3 செ.மீ. கட்டி. ஊசி வைத்து எடுத்த பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்துவிட்டது, அதுவரை நிம்மதி. ஆனால் விழுங்கும்போது உறுத்துகிறது, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

கழுத்தில் கீறாமல், கீழ் உதட்டின் உள்பக்கம் மூன்று சின்னத் துளை போட்டு, வாயு செலுத்தி இடம் உண்டாக்கி, எண்டோஸ்கோப்பியில் (கேமரா வைத்த மெல்லிய குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே) எடுக்கலாமாம். தாய்லாந்து டாக்டர் அங்கூன் அனுவோங் 2016இல் 60 பேருக்கு இப்படிச் செய்ததை வெளியிட்ட பிறகு பரவிய முறை இது. வெளியே தழும்பே தெரியாது என்றதும் தங்கை இதற்கே சரி என்றுவிட்டாள். அம்மாவுக்குத்தான் பயம்: "வாய்க்குள்ள எப்படிடி தையல் ஆறும்?"

எனக்குக் குரல் நரம்பில் அடிபட்டுக் குரல் கெட்டுவிடுமோ என்ற கவலை. எந்த முறையானாலும் அந்த ஆபத்து உண்டு, சரி. இதில் கூடுதலாகத் தாடை மரத்துப்போகலாம் என்கிறார்கள். உங்களுக்கு அப்படி இருந்ததா, எத்தனை நாளில் சரியானது? சாப்பாடு எப்போது பழையபடி ஆனது? அப்புறம், காப்பீட்டில் பணம் கொடுத்தார்களா, இல்லை 'அழகுக்காக' என்று தட்டிக்கழித்தார்களா?

மருத்துவமனைப் பெயரை உள்பெட்டியில் சொன்னால் போதும்.