இடம் மாறினாலும் இயங்கும் லினக்ஸ் நிரல்: பகிர்வு நூலகங்களின் தேடல் பாதை

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு):
வணக்கம். தொழிற்சாலைச் சோதனை இயந்திரங்களில் ஓடும் எங்கள் நிரலை, அதன் பகிர்வு நூலகங்களோடு ஒரே கோப்புறையில் வைத்து, எங்கு நகர்த்தினாலும் இயங்கும்படி தர விரும்புகிறோம். இப்போது நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியை ஷெல் ஸ்கிரிப்டில் அமைக்கிறோம். ஆனால் எங்கள் நிரல் அழைக்கும் பைதானும் எங்கள் நூலகங்களையே ஏற்றிக்கொண்டு முறிந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில் (கோலாலம்பூர்):
அந்த மாறி சேய் நிரல்களுக்கும் கடந்து செல்வதால்தான் இத்தொல்லை. ஆகவே பாதையை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நிரல் கோப்பில் பதியும் நூலகத் தேடல் பாதையான ரன்பாத்தில் '$ஆரிஜின்/../லிப்' என்று கொடுத்தால் (ஆரிஜின் என்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்), இயக்க நேர ஏற்றி (நிரல் தொடங்கும்போது நூலகங்களை ஏற்றும் பகுதி) '$ஆரிஜின்' என்பதை நிரல் இருக்கும் கோப்புறையாக மாற்றிக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் இல்லையெனில் ஷெல் அதை வெறுமையாக்கிவிடும். தொகுப்புக் கட்டளைகள் உள்ள மேக் கோப்பில் டாலர் குறியையும் இரட்டிக்க வேண்டும். நான் மிகவும் வலியுறுத்துவது இதுதான்: ரன்பாத், அந்தக் கோப்பு நேரடியாகக் கேட்கும் நூலகங்களுக்கு மட்டுமே பயன்படும், அந்நூலகங்கள் தம் பங்குக்குக் கேட்பவற்றுக்குப் பயன்படாது. எனவே உடன் அனுப்பும் ஒவ்வொரு நூலகத்துக்கும் பேட்ச்எல்ஃப் என்ற கருவியைக் கொண்டு '$ஆரிஜின்' இடுங்கள். ரன்பாத்தின் பழைய வடிவமான ஆர்பாத்துக்கு இக்குறை இல்லை. எனினும் அது எல்டி_லைப்ரரி_பாத்துக்கு முன்பே தேடப்படுவதால், பிழை ஆராய்வோர் வேறொரு நூலகத்தை மாற்றி வைத்துப் பார்க்க இயலாது.

பதில் (ஜார்ஜ் டவுன்):
லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியை மட்டும் உடன் வைக்காதீர்கள். ஏற்றியின் முழுப் பாதை நிரலில் பதிந்திருக்கிறது. அங்கே ஆரிஜின் செல்லாது. ஏற்றியும் ஜிலிப்சியும் பதிப்பில் ஒத்துப்போகாவிட்டால் நிரல் தொடங்கவே தொடங்காது. வாடிக்கையாளரிடமுள்ள மிகப் பழைய லினக்ஸில் தொகுப்பதே பாதுகாப்பு.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஏற்றியின் தேடலை அச்சிட்டுக் காட்டும் எல்டி_டீபக் மாறியில் 'லிப்ஸ்' என்று இட்டு ஓட்டியதில், இரண்டாம் நிலை நூலகம் ஒன்று இயந்திரத்தின் பொதுக் கோப்புறையிலிருந்து ஏறுவது வரிவரியாகத் தெரிந்தது. அதற்கும் ரன்பாத் இட்டபின் சரியாக இயங்குகிறது.