அணிவதும் உடுப்பதும்: மின்னணு ஆடைகளுக்கு ஏற்ற சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

உடலில் அணியும் மின்னணுக் கருவிகளைக் குறிக்கும் 'வேரபிள் டெக்னாலஜி' என்பதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட 'அணியக்கூடிய தொழில்நுட்பம்' என்னும் தொடரை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குடிநீரைக் 'குடிக்கக்கூடிய நீர்' என்று நாம் சொல்வதில்லை. வினைத்தொகையே அந்தப் பொருளைத் தந்துவிடுகிறது. அந்த வழியில் 'அணிகருவி' என்பது கைக்கடிகாரம், மோதிரம் போன்றவற்றுக்கு நன்றாகப் பொருந்தும்.

ஆனால் ஆடைக்கும் அதே சொல் போதுமா? மோதிரத்தை அணிகிறோம், பூவைச் சூடுகிறோம், சேலையை உடுத்துகிறோம். 'ஆடை அணிந்தார்' என்று எழுதுவது இன்று பெருவழக்குதான். எனினும் வேறுபாடு தேவைப்படும் இடத்தில், மொழி ஏற்கெனவே வைத்திருக்கும் வேறுபாட்டைக் கைவிட வேண்டியதில்லை. கடிகாரத்தின் மின்னணுப் பகுதிகள் ஒரு கூட்டுக்குள் அடங்கிவிடும். ஆடையிலோ துணியே மின்சுற்றாக வேண்டும். அது மடங்கும், வியர்வையில் நனையும், துவைக்கப்படும், உடுத்தியவரின் உடல்வாகுக்கு ஏற்ப விழவும் வேண்டும். ஆடை வடிவமைப்பாளரும் மின்னணுப் பொறியாளரும் ஒரே மேசையில் அமர வேண்டிய இந்தத் துறைக்கு 'உடுநுட்பம்' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். ஆடையே கருவியாகும்போது அது 'உடுகருவி'. இது வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது; 'உடுக்கருவி' என்று எழுதிவிடக் கூடாது.

மின்னணு ஆடைக்கு 'மின்னாடை' என்ற இன்னொரு பரிந்துரையும் உண்டு; அது அழகானது. ஆனால் மின் + ஆடை, மின்னும் ஆடை ஆகிய இரண்டும் அதே வடிவில்தான் புணரும். மின்னணு ஆடைகளை வடிவமைக்கும் க்யூட்சர்க்யூட் நிறுவனம் சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்காக 2009இல் உருவாக்கிய கேலக்ஸி உடையில் 24,000 எல்.இ.டி. விளக்குகள் இருந்தன, அதற்கு இரு பொருளும் பொருந்தும். 2017இல் லீவைஸும் கூகுளும் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த டெனிம் ஜாக்கெட்டின் துணியோ மின்னுவதில்லை. அதன் இடக்கை மணிக்கட்டுப் பட்டையில் மின்கடத்தும் நூல் நெய்யப்பட்டிருந்தது. அதைத் தடவினால் கைப்பேசியில் பாட்டு மாறியது. அந்தத் திட்டத்தின் பெயர் ஜக்கார்டு. நம் நெசவாளர்கள் நாள்தோறும் சொல்லும் அதே தறிப்பெயர்தான்.

மின்கடத்தும் அந்த நூலுக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்த சொல் வாய்த்திருக்கிறது: 'மின்சரிகை'. தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசுவது காஞ்சிபுரச் சேலையின் அசல் சரிகை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் ஆகியோர் துணியில் மின்சுற்று அமைக்க முயன்றபோது எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு இழைகளை ஊடையாக (குறுக்கு நூலாக) கொண்ட ஆர்கன்சா என்னும் மெல்லிய துணி. அமைப்பில் அது சரிகையேதான். மின்னணுவியல் தேடிப் போன இழை நெசவாளர் கையில் முன்பே இருந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். சரிகை பாரசீக வேர் கொண்ட சொல் என்பர். தறிக்குழியில் தலைமுறைகளாகப் புழங்கும் சொல்லை வேர் பார்த்து ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. மின்கடத்தினாலும் பளபளப்பில்லாத எஃகு இழையைச் சரிகை எனலாமா என்பது சற்று வலுவான கேள்வி. 'மின்' என்னும் முன்னொட்டு அங்கே பயனைக் குறிப்பதால், தோற்றம் தடையாகாது என்று கருதுகிறேன். 'மின்னிழை' என்பதையோ குண்டுபல்பின் இழைக்கு முன்பே கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று மீதமிருக்கிறது. அந்த ஜாக்கெட்டின் பட்டையில் செருகி, துவைக்கும்முன் கழற்றி வைக்கும் சிறு மின்னணுத் துண்டை என்னவென்று அழைப்பது? 'செருகி' என்பது மென்பொருளில் வேறு பொருளுக்கு ('பிளக்-இன்') போய்விட்டது. தையற்கடைகளில் புழங்கும் சொல் ஏதேனும் இதற்குப் பொருந்துமானால் தயவுசெய்து எழுதுங்கள்.