ப்ளூடூத்தில் பாட்டு ஒலிக்கையில் வழிகாட்டும் குரலின் முதல் சொல் விழுங்கப்படுகிறது

நான் ஓட்டும் 2019ஆம் ஆண்டுத் தயாரிப்புக் காரில், நிறுவனமே பொருத்தித் தந்த தொடுதிரையில் ஆடியோவும் நேவிகேஷனும் ஒன்றாக இயங்குகின்றன. அண்மையில் அதன் மென்பொருளைப் புதுப்பித்தது முதல், ப்ளூடூத் வழியாகப் பாட்டு ஒலிக்கும்போது வழிகாட்டும் குரலின் தொடக்கம் கேட்பதில்லை. "இடப்புறம் திரும்பவும்" என்பதில் "திரும்பவும்" மட்டுமே காதில் விழுகிறது. எந்தப் பக்கம் என்று அறியத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி சாலையிலிருந்து கண்ணை எடுத்தாலே கார் சுமார் 44 மீட்டர் கடந்துவிடும் என்பதால், இதைச் சிறு தொந்தரவு என்று ஒதுக்க மனம் வரவில்லை.

வண்டியை நிறுத்திவைத்து, செட்டிங்ஸில் வழிகாட்டும் குரலின் ஒலியளவைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். குரல் உரத்ததே தவிர முதல் சொல் வரவில்லை. வேகத்திற்கேற்ப ஒலியைக் கூட்டும் வசதியை அணைத்தேன், கைப்பேசி இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணைத்தேன், ஃபேக்டரி ரீசெட்டும் செய்தாயிற்று. ரேடியோவிலும் யுஎஸ்பியிலும் இக்குறை இல்லை. ஆகவே ஸ்பீக்கரைச் சந்தேகிக்க இடமில்லை. சர்வீஸ் மையத்தில் பாட்டை ஒலிக்கவிடாமலேயே குரலைச் சோதித்துவிட்டு (அப்படிச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது), எல்லாம் சரியாக உள்ளது என்று அனுப்பிவிட்டார்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுவதே இப்போதைய ஏற்பாடு.

ப்ளூடூத் ஒலி முழுவதும் தாழ்ந்த பிறகே வழிகாட்டும் குரல் தொடங்கும்படி செய்ய, இத்தகைய தொடுதிரைகளில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?