மூணு போன்ல வாற மெசேஜை ஒரே ஆப்ல பாக்கிற ஆக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

கோமாரிப் பொடியன்:

அறுகம்பேயில எங்கட அக்காவும் அத்தானும் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் வச்சிரிக்காங்க, புக்கிங் மெசேஜ் பாக்கிறது என்ட வேலை. ஏப்ரல்ல தொடங்கி ஒக்டோபர் மட்டும் சர்ஃப் சீசன், அந்த நேரம் மெசேஜ் எந்தப் பக்கத்தால வரும் எண்டு சொல்லேலாது. வாட்ஸ்அப் நம்பர் அத்தான்ட போன்ல, இன்ஸ்டாகிராமும் மெசெஞ்சரும் ரிசெப்சன் போன்ல, ரஷ்யாவில இருந்து வாற ஆக்கள் டெலிகிராம்ல எழுதுவாங்க அது என்ட போன்ல. ஒரே ஆளே இன்ஸ்டாவில விலை கேட்டுட்டு மறுகா வாட்ஸ்அப்ல வந்து "நேத்து சொன்ன ரூம் இரிக்கா" எண்டு கேப்பார், எந்த ரூம் எண்டு அத்தானுக்குத் தெரியாது, உடனே எனக்கு கோல் எடுப்பார்.

போன சீசன் தொடங்க முதல் பீப்பர் எண்ட ஆப்பைப் போட்டன். பெபிள் வாட்ச் செஞ்ச எரிக் மிகிகோவ்ஸ்கி 2021ல கொண்டு வந்தது, 2024 ஏப்ரல்ல வேர்ட்பிரஸ்.காம் நடத்துற ஓட்டோமாட்டிக் கொம்பனி வாங்கிட்டு. வாட்ஸ்அப், மெசெஞ்சர், இன்ஸ்டாகிராம், டெலிகிராம், சிக்னல் எல்லாம் ஒரே லிஸ்ட்ல வரும், எது எதுல இருந்து வந்த எண்டு பக்கத்தில சின்ன அடையாளம் இரிக்கும், நீங்க பதில் எழுதினா வந்த வழியாலயே திரும்பப் போகும், அங்க இருக்கிற ஆளுக்கு நாங்க வேற ஆப்ல இருந்து எழுதுறம் எண்டே தெரியாது.

இதுட அருமை எனக்கு விளங்கினது ஒரு ராத்திரி. ஜெர்மனில இருந்து வந்த புருசன் பொஞ்சாதி கொழும்பு பஸ்ல வந்திட்டு இருந்தாங்க, பஸ் சியம்பலாண்டுவயில பழுதாகி நிண்டுட்டு. அவங்க ரூம் பேசினது வாட்ஸ்அப்ல, ஆனா அந்த நேரம் எழுதினது மெசெஞ்சர்ல. ரிசெப்சன் போன் மேசையில பூட்டிக் கிடக்கு, அக்காவும் அத்தானும் நித்திரை, நான் கோமாரியில வீட்ட இருக்கன். முந்தி எண்டா விடியத்தான் பாத்திருப்பம். மெசேஜ் என்ட போன்ல விழுந்ததால உடனே பொத்துவில்ல தெரிஞ்ச த்ரீவீல்கார அண்ணனை எழுப்பி அனுப்பினன். அந்தப் பாதை லகுகல காட்டுக்குள்ளால வாறது, ராவையில ரோட்டுக்கு யானை வரும், சர்ஃப் போர்ட் பையும் தூக்கிட்டு அந்த ரெண்டு பேரும் தெரியாத ஊர்ல நிண்டிருந்தா எப்பிடி இரிந்திருக்கும். வந்து சேந்ததும் அக்கா எழும்பி பிளேன்டீ ஊத்திக் குடுத்தா, அந்தப் பொம்பிளை அக்காட கையைப் பிடிச்சிட்டு விடவே இல்ல.

வேற ஆரும் பாவிக்கிற எண்டா சொல்லுங்க, குறையும் சொல்லுங்க.

மருதமுனைத் தறி:

தம்பி, நானும் பாவிக்கிறன். எங்கட கைத்தறி சாரியும் சாரமும் ஒன்லைன்ல விக்கிற, ஓடர் வாறது கூட மெசெஞ்சர்லயும் வாட்ஸ்அப்லயும் தான். முந்தி ஒரு சாரிட படத்தை மூணு பேர் மூணு இடத்தில கேட்டு, ரெண்டு பேருக்கு "இரிக்கி" எண்டு சொல்லிட்டு மறுகா ஒரு ஆள்ட்ட மன்னிப்புக் கேக்கிற நிலைமை. தறியில நெசவு செஞ்ச சாரி, அதே டிசைன்ல இன்னொண்டு உடனே எடுத்துக் குடுக்கேலாது தானே. இப்ப வந்த வரிசையில பாக்கலாம், முதல்ல கேட்ட ஆளுக்கு முதல்ல குடுக்கிற. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஆனா ஒரு விசயம், எல்லாத்தையும் அதுக்குள்ள போட வேணாம். டேப்லெட்டில இருந்து ஓடர் பாக்கிறது என்ட மச்சாள்ட மகள். என்ட சொந்த நம்பரையும் சேர்த்தா உம்மா அனுப்புற வொய்ஸ் நோட், குடும்பக் கதை எல்லாம் அந்தப் புள்ளைட கண்ணுக்கு முன்னால வரும். அதனால கடைட கணக்குகளை மட்டும் தான் சேர்த்த. வேலைக்கு ஆள் வச்சிரிக்கிற எல்லாரும் இதைக் கட்டாயம் பிரிச்சி வைங்க.

எனக்கு இரிக்கிற குறை ஐமோ எண்ட கோல் ஆப். ஊட்டுக்காரர் கத்தார்ல, அவர்ட ரூம்ல எல்லாரும் ஐமோ தான், அது பீப்பர்ல சேராது. வைபரும் சேராது. கோலும் அதுக்குள்ளால எடுக்கேலாது, எழுத்தும் படமும் வொய்ஸ் நோட்டும் தான். அப்ப அவரோட கதைக்க பழைய மாதிரி ஐமோவைத் திறக்கிற தான், அது பரவாயில்ல, அது வேலை இல்ல தானே.

ஆரையம்பதி:

நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன், எனக்கு ரெண்டு போன். எங்கட வோர்ட் க்ரூப் வைபர்ல. வைபர் ஒரு நம்பருக்கு ஒரு போன்ல தான் ஓடும், மற்றப் போன்ல அதே நம்பரைப் போட்டா பழையதுல நிண்டுரும், கம்ப்யூட்டர்லயும் டேப்லயும் மட்டும் கூடச் சேர்த்து வைக்கலாம். வாட்ஸ்அப்புக்கு எண்டா எனக்கு வேற ஆப்பே தேவைப்படல்ல, 2023ல இருந்து அதே கணக்கை இன்னொரு போன்லயும் லிங்க் பண்ணலாம், முதல் போனைத் தவிர நாலு டிவைஸ் மட்டும். ஒரே போன்ல ரெண்டு நம்பர் வைக்கவும் அண்ட்ராய்ட்ல விட்டிரிக்காங்க. அதனால வாட்ஸ்அப் மட்டும் பாவிக்கிற ஆக்கள் ஒண்டும் புதுசாப் போடத் தேவையில்ல.

பாதுகாப்பு பற்றி ஒள்ளுப்பம் சொல்லணும். பீப்பர் முந்தி வேலை செஞ்சது அவங்கட சேவர்ல பாலம் வச்சு, அதாவது வாட்ஸ்அப்ல பூட்டி வாற மெசேஜ் அங்க ஒருக்காத் திறந்து திரும்பப் பூட்டித்தான் உங்கட போனுக்கு வரும். 2025 ஜூலையில இருந்து உங்கட போனே நேரா இணையிற மாதிரி மாத்திட்டாங்க, அது நல்ல மாற்றம். எண்டாலும் நோயாளிட விசயம் வாற க்ரூப்பை நான் எந்தப் பொது ஆப்லயும் சேர்க்க மாட்டன், அது அவங்கட நம்பிக்கை.

பழைய ஆக்களுக்கு நிம்பஸ் ஞாபகம் இரிக்கும், நோக்கியா ஜாவா போன்ல யாஹூ, ஜிடோக், பேஸ்புக் மூண்டும் ஒண்டா வரும். பிறகு பேஸ்புக் 2015ல வெளி ஆப்புகளுக்கு சாட் வழியைப் பூட்டிட்டு, யாஹூ மெசெஞ்சரே 2018 ஜூலையில முடிஞ்சிட்டு. இதுவும் அப்பிடித்தான், மற்றவன் கதவைத் திறந்து விட்டிரிக்கிற மட்டும் தான் ஓடும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் அரசாங்கம் நிப்பாட்டின நாட்கள்ல மட்டக்களப்பில ஒருத்தரை ஒருத்தர் தேட சாதாரண கோலும் எஸ்எம்எஸ்ஸும் தான் மிஞ்சினது. நான் முக்கியமான நம்பர் எல்லாம் இப்பவும் ஒரு கொப்பியில எழுதி வச்சிரிக்கன்.

கோமாரிப் பொடியன்:

நன்றி அக்கா, கொப்பி விசயம் எங்கட ரிசெப்சனுக்கும் செய்யணும், கெஸ்ட்ட பேரோட வந்த பஸ், நம்பர் எல்லாம்.

சீசன் முடிஞ்சி பூட்டுற கடைக்காரருக்கு ஒரு விசயம் சொல்றன். பீப்பர் வாட்ஸ்அப்புக்குள்ள ஒரு லிங்க் டிவைஸ் மாதிரித்தான் போய் இருக்கும், நாலு இடத்தில ஒரு இடத்தைப் பிடிக்கும். நம்பர் இரிக்கிற முதல் போனை 14 நாள் பாவிக்காம வச்சா லிங்க் எல்லாம் தானா அறுந்திரும். நவம்பர்ல மழை தொடங்கினா அத்தான் அந்தப் போனை அலுமாரிக்குள்ள போடுறவர், ஆனா டிசம்பர்லயே அடுத்த சீசனுக்கு விலை கேட்டு எழுதத் தொடங்குவாங்க. அதனால ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அதைச் சார்ஜ் போட்டு வாட்ஸ்அப்பை ஒருக்காத் திறக்கிறது இப்ப எங்கட அக்காட பொறுப்பு. கூடவே வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் பின் எண்ட ரகசிய நம்பரைப் போடுங்க, லிங்க் டிவைஸ் லிஸ்ட்டை இடைக்கிடை பாருங்க, வேலையில இருந்து நிண்ட ஆக்கள்ட போன் அதுக்குள்ள இரிந்தா அண்டைக்கே எடுத்திருங்க.

மருதமுனை ராத்தா, ஐமோ, வைபர் சேர்க்கிற வழி ஆராவது கண்டா இதுல எழுதுங்க, எங்களுக்கும் கொழும்பு ஏஜென்ட் ஒருத்தர் வைபர்ல தான் நிக்கிறார்.