ஸோனிக் காமிக்ஸ்: 247-க்குப் பிறகு கதை ஒட்டவே இல்லை, எந்த இதழ் விடுபட்டிருக்கிறது?

நீலமுள் எழுதியது:

ஸோனிக் என்ற வீடியோ கேம் நாயகனை வைத்து ஆர்ச்சி பதிப்பகம் வெளியிட்ட ‘ஸோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ காமிக்ஸ் தொடரை வரிசையாகப் படித்து வருகிறேன். 247 வரை தடங்கல் இல்லை. ஸோனிக்கின் தோழி ஸாலி இயந்திரமாக மாற்றப்பட்டு வில்லன் எக்மேனின் பிடியில் இருக்கிறாள். ஸோனிக்கின் நண்பன் ஆன்ட்வான் நினைவிழந்து கிடக்கிறான். 248-ஐத் திறந்தால் கதை நடுவில் கொண்டுபோய் விடுகிறது. வேறொரு வீடியோ கேமின் நாயகன் மெகா மேன் எப்போது வந்தான், ஏன் வந்தான் என்றே புரியவில்லை. 252-இல் ஸாலி ரத்தமும் சதையுமாக நிற்கிறாள், ஆன்ட்வானும் நலமாக இருக்கிறான். இவ்வளவு நாள் காத்திருந்தும் ஸாலியை மீட்கும் காட்சியைக் கண்ணில் பார்க்கவே இல்லை. நக்கிள்ஸின் தோழி ஜூலி-ஸூவையும் காணோம்.

என்னிடம் உள்ள இதழ்களில் எண்கள் விடுபடவில்லை, பக்கங்களும் முழுமையாக இருக்கின்றன. இன்னொரு சந்தேகம்: 290-உடன் தொடர் நின்றுவிடுகிறது. வேறொரு பதிப்பகமான ஐ.டி.டபிள்யூ. வெளியிட்ட முதல் ஸோனிக் இதழ் அதன் தொடர்ச்சியா, பழையதன் மறுபதிப்பா?

பழைய அலமாரி எழுதியது:

உங்களிடம் இல்லாதது வேறு இரண்டு தொடர்களின் இதழ்கள். 2013-இல் ஆர்ச்சி ‘வேர்ல்ட்ஸ் கொலைட்’ என்ற 12 பகுதிக் கதையை மூன்று தொடர்களில் பிரித்து வெளியிட்டது. எக்மேனும் மெகா மேனின் எதிரி டாக்டர் வைலியும் கைகோத்து இரண்டு உலகங்களையும் மாற்றி எழுதப் பார்க்கும் கதை. முதல் பகுதி ‘மெகா மேன்’ 24-இல் இருக்கிறது, இரண்டாவது ‘ஸோனிக் யுனிவர்ஸ்’ 51-இல். உங்கள் 248 மூன்றாவது பகுதி. பிறகு மெகா மேன் 25, யுனிவர்ஸ் 52, ஸோனிக் 249 என்று இதே வரிசை நான்கு முறை சுற்றி, 251-இல் முடிகிறது. ஸோனிக் இதழ்களை மட்டும் படித்தால் 12 பகுதிகளில் 4-தான் கையில் இருக்கும். புரியாமல் போனதில் வியப்பே இல்லை.

251-இன் கடைசிப் பக்கங்களை மட்டும் இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். மெகா மேன் தன் உலகத்தைப் பழையபடி சரிசெய்துவிடுகிறான். ஸோனிக் தன் உலகத்தை மீட்க முயலும்போது எக்மேன் குறுக்கிடுகிறான், வேலை பாதியில் கெட்டுவிடுகிறது. அதனால் 252-இல் வருவது திருத்தி எழுதப்பட்ட வேறோர் உலகம். ஸோனிக்குக்குப் பழையது நினைவிருக்கிறது. ஆனால் அந்த உலகத்தில் ஸாலிக்கு நேர்ந்தது எதுவும் இங்கே நடந்திருக்கவில்லை. அவளை மீட்கும் காட்சி எந்த இதழிலும் இல்லை. தேடி அலைய வேண்டாம்.

மரகதத் தீவு எழுதியது:

ஜூலி-ஸூ காணாமல் போனதற்குக் காரணம் கதைக்கு வெளியே இருக்கிறது. தொடரைப் பல ஆண்டுகள் எழுதிய கென் பென்டர்ஸ், தான் உருவாக்கிய பாத்திரங்கள் தனக்கே சொந்தம் என்று காப்புரிமை பதிவு செய்தார். ஆர்ச்சி 2010-இல் வழக்குத் தொடுத்தது. 2013-இல் சமரசமாக முடிந்தது, ஆனால் அவருடைய பாத்திரங்கள் திரும்பவில்லை.

உங்கள் கையில் இருக்கும் இதழ்களிலேயே அதன் தடம் தெரியும். 243-இல் தொடங்கும் கதையை எடுங்கள். த்ராஷ் என்ற வில்லன், ஜூலி-ஸூவும் நக்கிள்ஸும் சேர்ந்த எகிட்னா இனத்தாரை ஒட்டுமொத்தமாக வேறோர் உலகுக்குத் துரத்துகிறான், நக்கிள்ஸ் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். ‘நக்கிள்ஸ் தி எகிட்னா’ என்று 32 இதழ்கள் தனியாகவே வந்து வளர்த்தெடுத்த கூட்டம் அது! அதைச் சில பக்கங்களில் துடைத்துவிட்டார்கள். 2006-இல் 160-ஆவது இதழிலிருந்து எழுதிவந்த இயன் ஃப்ளின் மீது எனக்குக் கோபம் இல்லை. இருந்த நெருக்கடியில் அவர் கதையைக் கைவிடாமல் நடத்திப்போனார். ஆனால் அந்தப் பாத்திரங்களோடு வளர்ந்த வாசகர்களுக்கு முறையான விடை கிடைத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீலமுள் எழுதியது:

மிக்க நன்றி. யுனிவர்ஸ் 51 முதல் 54 வரை தேடத் தொடங்கிவிட்டேன். 290 பற்றி யாராவது சொல்லுங்கள். அதன் அட்டையில் 2017 பிப்ரவரி என்று இருக்கிறது, ஆனால் 2016-லேயே தொடர் முடிந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள்.

பழைய அலமாரி எழுதியது:

இரண்டும் சரிதான். அமெரிக்க காமிக்ஸ்களில் அட்டைத் தேதி, கடைக்கு வரும் தேதிக்கு இரண்டு மாதம் போல முந்தி ஓடும். 290 கடைக்கு வந்தது 2016 இறுதியில். தொடக்கத்திலும் இதே குழப்பம் உண்டு: 0 என்று எண்ணிட்ட முதல் இதழின் அட்டை 1993 பிப்ரவரி என்கிறது, வந்தது 1992 இறுதியில். முதலில் வந்தது நான்கு இதழ்க் குறுந்தொடர், அதற்கு 0 முதல் 3 வரை எண். நெடுந்தொடர் பிறகு மறுபடி 1-இல் தொடங்கியது. அதனால் ‘1’ என்று இரண்டு இதழ்கள் இருக்கும். நெடுந்தொடரின் 1-இல் 1993 ஜூலை என்று இருக்கும். வாங்கும்போது மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

290-க்குப் பிறகு சில மாதங்கள் எந்த இதழும் வரவில்லை. 2017 ஜூலையில் ஆர்ச்சியுடனான உறவு முடிந்ததாக, ஸோனிக் விளையாட்டுகளின் உரிமையாளரான ஸேகா நிறுவனம் அறிவித்தது. அதே மாதம் ஐ.டி.டபிள்யூ.வின் பெயரும் அறிவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் புதிய தொடரின் முதல் நான்கு இதழ்கள் வாரம் ஒன்றாக வந்தன. எழுதியவர் அதே இயன் ஃப்ளின்தான். ஆனால் கதை ‘ஸோனிக் ஃபோர்ஸஸ்’ விளையாட்டுக்குப் பின் நடக்கிறது. ஆர்ச்சிக் கதையுடன் தொடர்பு இல்லை, மறுபதிப்பும் அல்ல. ஸாலியும் ஆன்ட்வானும் அதில் இல்லை. டேங்கிள், விஸ்பர் என்று புதியவர்கள் வருகிறார்கள்.

மரகதத் தீவு எழுதியது:

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தேடும்போது ‘ஸோனிக் தி காமிக்’ என்ற பெயரும் கண்ணில் படும். அது 1993 முதல் 2002 வரை பிரிட்டனில் ஃப்ளீட்வே வெளியிட்டது, மொத்தம் 223 இதழ்கள், கதையே வேறு. இந்த வரிசையில் அதைக் கலக்காதீர்கள். தனியாக எடுத்துப் படியுங்கள், நல்ல தொடர். ஆனால் 184-உடன் புதுக்கதை நின்றுவிடும். அதற்குப் பிறகு வந்தவற்றில் பழைய கதைகளையே திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றுக்குப் பணம் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.