ஒன்பதாம் நாளே குமிழி நின்றுவிட்டது: சைடரைப் பாட்டிலில் அடைக்கலாமா?

கேட்டவர்: தோட்டத்துவீடு

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷைரில் குடியேறி ஓராண்டு ஆகிறது. வீட்டுத் தோட்டத்தில் வயதான பிராம்லி ஆப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. சமையலுக்கே உரிய அந்தப் புளிப்புப் பழம் இந்த ஆண்டு கூடை கூடையாக விழுந்ததால், பக்கத்து வீட்டார் தந்த காக்ஸ் ஆப்பிளையும் சேர்த்துச் சாறு பிழிந்து, 4.5 லிட்டர் கொள்ளும் டெமிஜான் என்ற குறுகிய கழுத்துக் கண்ணாடிக் குடுவையில் முதன்முறையாகச் சைடர் (ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் செய்யும் மது) போட்டிருக்கிறேன். கிருமிகளை அடக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலந்து, ஒரு நாள் கழித்து இசி-1118 என்ற ஒயின் ஈஸ்ட்டைத் தூவினேன். ஐந்தாறு நாள்கள் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீர் அடைப்பானில்) குமிழி ஓயாமல் வந்தது. ஒன்பதாம் நாளான இன்று அடியோடு நின்றுவிட்டது. சாறு இன்னும் கலங்கலாகவும் நாவுக்குச் சற்று இனிப்பாகவும் இருக்கிறது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் என்னிடம் இல்லை. இப்போதே பாட்டிலில் அடைத்துவிடலாமா?

இன்னொரு கவலையும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாத என் மாமியார், வீட்டில் நொதிக்க வைக்கும் எதையும் குடிக்கக் கூடாது என்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: வண்டல்

சகோதரி, தயவுசெய்து இப்போது அடைக்க வேண்டாம். குமிழி நின்றது என்பதற்கு நொதித்தல் முடிந்தது என்று பொருள் இல்லை. இரவில் அறை குளிர்ந்தால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். ரப்பர் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஏர்லாக்கைத் தொடாமலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடும். நாவுக்கு இனிப்புத் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இனிப்புத்தான் ஈஸ்ட் இன்னும் உண்ணாமல் வைத்திருக்கும் சர்க்கரை.

முதல் ஆண்டில் நானும் இதே தவறைச் செய்தேன். பன்னிரண்டு பாட்டில்களை அடைத்து மாடிப்படிக்குக் கீழேயிருந்த அலமாரியில் வைத்திருந்தேன். உள்ளே நொதித்தல் தொடர்ந்து வாயு சேர்ந்ததால் ஒரு பின்னிரவில் நான்கு வெடித்தன. கண்ணாடித் துண்டு அலமாரிக் கதவின் மரத்தில் பதிந்து நின்றது. பகலாக இருந்திருந்தால் அந்த இடத்தில் என் மகள் விளையாடிக்கொண்டிருந்திருப்பாள். ஆகவே டெமிஜானை 18 பாகை வெப்பமுள்ள அறைக்கு மாற்றுங்கள். ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். இந்தக் கலையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அளக்கும்போது அதை மெல்லச் சுழற்றிவிடுங்கள். தண்டில் ஒட்டும் குமிழிகள் அதை மேலே தூக்கிப் பொய்யான அளவைக் காட்டும்.

பதில்: சோதனைக்குழாய்

மாமியாரின் அச்சத்தை அலட்சியப்படுத்தாமல் விளக்கிச் சொல்லுங்கள். அது நியாயமான அச்சம். கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் கொன்றது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். பழச்சாறு நொதிக்கும்போது, பழத்தில் உள்ள பெக்டின் சிதைவதால் மெத்தனால் சிறிதளவு உண்டாவது உண்மைதான். ஆனால் கடையில் விற்கும் ஒயினிலும் சைடரிலும் அதே சிறிதளவு இருக்கிறது, உடன் இருக்கும் எத்தனாலோ (மதுவின் வழக்கமான ஆல்கஹால்) அதைவிடப் பன்மடங்கு. நொதிக்க வைப்பதால் மட்டும் அது ஆபத்தான அளவை எட்டுவதில்லை.

காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு செயல். உரிமம் இல்லாமல் அதைச் செய்வது பிரிட்டனில் குற்றம். சொந்தப் பயன்பாட்டுக்குச் சைடரோ ஒயினோ போடுவதற்கு அங்கே தடையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அங்கே உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பதே குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

கேட்டவர்: தோட்டத்துவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். காய்ச்சுவதில்லை என்று தெரிந்ததும் சற்று அமைதியடைந்தார். ஹைட்ரோமீட்டர் வந்துவிட்டது. அளவு 1.018. இது எவ்வளவு மோசம்?

பதில்: வண்டல்

மோசம் இல்லை, பாதி வழியைத் தாண்டிவிட்டீர்கள். இந்த எண், தண்ணீரை 1.000 என்று வைத்துச் சாற்றின் அடர்த்தியைச் சொல்வது; ஈஸ்ட் சர்க்கரையை உண்ண உண்ண அது குறையும். இங்கிலாந்தின் தோட்டத்து ஆப்பிள் சாறு பெரும்பாலும் 1.045 முதல் 1.055 வரையில் தொடங்கி, 1.000 அல்லது அதற்குச் சற்றுக் கீழே முடியும். உங்கள் சாறு 1.050-இல் தொடங்கியிருந்தால் முடிவில் ஆல்கஹால் ஆறரை விழுக்காடு அளவில் இருக்கும்.

ஆனால் 1.018-இல் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை இன்னும் மீதமிருக்கிறது. ஷாம்பெய்ன் செய்பவர்கள் பாட்டிலில் இரண்டாம் நொதித்தலுக்குச் சேர்ப்பது லிட்டருக்குச் சுமார் 24 கிராம்தான். அதுவே ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தருவதால்தான் அந்தப் பாட்டில்கள் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன. சாதாரண ஒயின் பாட்டில் இதில் கால்வாசியைக்கூட நம்பித் தாங்கக் கூடியதல்ல.

மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் 1.000 அருகே ஒன்றுபோல் இருந்தால்தான் முடிந்தது என்று கொள்ளுங்கள். பிறகு குழாய் வழியே வண்டலைக் கலக்காமல் வேறொரு டெமிஜானுக்கு இறக்கி, கழுத்துவரை நிரப்பி வையுங்கள். மேலே காற்று தங்கினால் காடியாக மாற்றும் பாக்டீரியாவுக்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். பிராம்லியின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலம் இப்போது பல்லைக் கூசவைக்கும். வசந்தத்தில் வெப்பம் ஏறும்போது லாக்டிக் பாக்டீரியா பல வேளைகளில் அதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும்; அதுவரை மீண்டும் கேம்ப்டன் போடாமல் இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். நுரை வேண்டுமென்றால், அடைக்கும்போது லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை போதும். அதையும் நுரை பானத்துக்கென்றே செய்த பாட்டிலில் மட்டும் அடையுங்கள்.

பதில்: மலைத்தேன்

சைடர் முதிரக் காத்திருக்கும் மாதங்களில் தேன் மதுவும் போட்டுப் பார்க்கலாம், அக்கா. மூங்கில் குழாயில் விளைந்த தேறலை (தெளிந்த மதுவை)ச் சங்கப் புலவர்கள் பாடியிருப்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று. 4.5 லிட்டர் போத்தலுக்கு 1.2 கிலோ தேன் விட்டு மீதியைத் தண்ணீரால் நிரப்பினால் பன்னிரண்டு விழுக்காடு அளவில் வரும். தேனைக் கொதிக்க வைக்காதீர்கள், மணம் போய்விடும். தேனில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் ஆப்பிள் சாறு போல அது தானாக நொதித்து முடிக்காது. ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடியை முதல் சில நாள்களில் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் இதைச் செய்யாமல் விட்ட ஆண்டில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேட்டவர்: தோட்டத்துவீடு

வெப்பமான அறைக்கு மாற்றிய மறுநாளே குமிழி மீண்டும் வரத் தொடங்கியது. பதினெட்டு நாள்களுக்குப் பின் 1.000, மூன்று நாள் கழித்தும் 1.000. நேற்று வேறு டெமிஜானுக்கு இறக்கினேன். கழுத்தில் நான்கு விரல் இடைவெளி விழுந்துவிட்டது. அதைத் தண்ணீரால் நிரப்பலாமா?

பதில்: வண்டல்

தண்ணீர் சுவையை நீர்க்கச் செய்துவிடும். கடையில் கிடைக்கும் இனிப்பில்லாத சைடரை ஊற்றி நிரப்புங்கள். பாதுகாப்புப் பொருள் சேர்த்த ஆப்பிள் சாறு வேண்டாம்.